குப்பை அள்ளுவது மையப் பணி இல்லையாம்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் போயின. எல்லோருக்கும் நியமனக் கடிதம், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்று விளம்பரம் செய்கிறார்கள். சட்டத்தில் அவை இருப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி கேட்கும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆனதைப் பற்றிப் பெரிய சங்கங்கள் நிறையப் பேசுகின்றன. பேசட்டும். நம் சனங்களைப் பற்றிய வரி வேறு இடத்தில் கிடக்கிறது.

பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பைத் தோழர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது 57ஆம் பிரிவு. கேட்க நல்லாத்தான் இருக்கு. எது மையப் பணி? நிறுவனம் அதற்கென்றே ஏற்பட்டதாக இல்லாவிட்டால் இவையெல்லாம் மையப் பணி ஆகாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் முதலில் நிற்பது கூட்டுவது, கழுவுவது, குப்பை அள்ளுவது. அப்புறம் காவல், கேண்டீன், சுமை ஏற்றி இறக்குவது, தோட்டவேலை, துணி வெளுப்பது. எழுதியவர்களுக்குச் சாதி தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கக்கூஸ் கழுவாமல் விட்டுப் பார்க்கட்டும்.

விதிவிலக்கு இதைவிட மோசம். மையப் பணியே ஆனாலும், வழக்கமாக ஒப்பந்தக்காரர் மூலம்தான் நடக்கிறது என்றால் அப்படியே தொடரலாமாம். வழக்கம்! நம்மை ஊருக்கு வெளியே வைத்ததும் வழக்கம்தானே.

இது புதிதாக முளைத்ததல்ல. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1976இல் மத்திய அரசு நிறுவனக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்க ஒப்பந்த ஆள் வைப்பதைத் தடைசெய்து அறிவிக்கை வந்தது. தடை வந்தால் அந்தத் தொழிலாளரை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001இல் செயில் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் அறிவிக்கையையும் சேர்த்தே தூக்கி எறிந்தது. அன்று நீதிமன்றம் பறித்ததை இன்று பாராளுமன்றம் வரையறையாகவே எழுதிவிட்டது.

டில்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இந்தத் தொகுப்புகள் அப்போது நடைமுறையில் இல்லை.

எங்கள் தெருவைக் கூட்டும் அக்காவிடம் நியமனக் கடிதம் பற்றிச் சொன்னேன். “மொதலாளி யாருன்னே தெரியல, கடுதாசிய யார்கிட்ட கேக்கறது?” என்றார். ஒப்பந்தக்காரர் மாறுவார், துடைப்பம் மாறாது. அந்தக் கடிதத்தில் கையெழுத்து ஒப்பந்தக்காரருடையதாக இருக்கும், மாநகராட்சியுடையதாக இருக்காது.

ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘அதற்கென்றே ஏற்பட்ட நிறுவனம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரைச் சுத்தமாக வைக்க அல்லாமல் நகராட்சி வேறு எதற்கு? அங்கே குப்பை அள்ளுவது மையப் பணிதான் என்று வாதாட இடமுண்டு. வழக்கறிஞர் தோழர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் முன்பு 20 பேருக்குமேல் பொருந்தின, இப்போது 50 பேர். நாற்பத்தொன்பது நாற்பத்தொன்பதாகப் பிரிக்க எவனுக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே மாணவத் தோழர்கள் தங்கள் கல்லூரியில், விடுதியில் யார் கூட்டுகிறார்கள், எத்தனை வருடமாக, எந்த ஒப்பந்தக்காரர் பெயரில் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த இதழுக்குள் அனுப்புங்கள்.