களைக்கொல்லி வாங்கியாச்சு, மடையை யார் பார்ப்பது?

படூரில் ஓஎம்ஆர் சாலையை ஒட்டி அடுக்குமாடிகள்தான் கண்ணில் படும். கேளம்பாக்கம் தாண்டி திருப்போரூர் பக்கம் உள்ளே இறங்கினால் ஏரிப் பாசன வயல்கள் இன்னும் இருக்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நடவும் நடக்கிறது. குறைந்திருப்பது ஆட்கள். களை எடுக்க வந்த பெண்களில் பலர் இப்போது ஐடி வளாகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், நிழலில் வேலை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வயலுக்குச் சொந்தக்காரரே சிறுசேரியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடவு முடிந்து மூன்று வாரம் கழித்து அப்பா போன் செய்வார்: "புல்லு மண்டிப் போச்சுப்பா." மகன் வயலைப் படம் எடுக்கச் சொல்லி, மருந்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். "இதை அடிங்க சார், சுத்தமாயிடும்" என்று பதில் வரும். தண்ணீர் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். களைக்கொல்லி வீணாவது அங்கேதான்.

நடவு நெல்லுக்கான களைக்கொல்லிகளில் முளைக்கும் முன் போடுவது ஒன்று, முளைத்த பின் தெளிப்பது இன்னொன்று. முதல் வகையில் பழைய ஆள் பியூட்டாகுளோர். நட்ட மூன்று நாளுக்குள் போட்டாக வேண்டும். 50 சதவீத மருந்து என்றால் ஏக்கருக்கு ஒரு லிட்டர். 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து தூவுவார்கள். அந்த நேரத்தில் வயலில் ஓர் அங்குலத் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது. மருந்தை மண்மேல் போர்வை மாதிரி பரப்பி, முளைக்கிற களையை அடக்க உதவுவது அந்தத் தண்ணீர்தான். மேட்டில் தண்ணீர் நிற்காது, அங்கே புல் தலைதூக்கும். மடை கசிந்தால் மருந்து கீழ் வயலுக்குப் போகும், அங்கிருந்து ஓடைக்கோ ஏரிக்கோ போகும். பியூட்டாகுளோர் மீன்களுக்கு நஞ்சு.

முளைத்த பின் தெளிப்பதில் பரவலாகப் புழங்குவது பிஸ்பைரிபேக் சோடியம். இதற்குக் கணக்கே வேறு. களை இரண்டு முதல் நான்கு இலை விட்டிருக்கும்போது, ஏறக்குறைய நட்ட 15 முதல் 20 நாளில், தண்ணீரை வடித்துவிட்டுத் தெளிக்க வேண்டும். மருந்து இலைமேல் படணும். இரண்டு மூன்று நாளில் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லிதான். புல் முழங்கால் உயரம் வந்தபிறகு அளவைக் கூட்டி அடித்தால் காசுதான் கரையும்.

அதையே பட்டத்துக்குப் பட்டம் அடிப்பதும் ஆபத்து. ஐசோபுரோட்யூரானையே ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் 1990-களின் முதல் பாதியிலேயே ஒரு புல் அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது.

ஆக, ஆள் இல்லை என்று வாங்கிய மருந்து, மடை பார்க்க ஓர் ஆளைக் கேட்கிறது. ஏரிப் பாசன ஊர்களில் அந்த வேலைக்கென்றே நீர்க்கட்டி இருந்தார். வயல் வயலாகத் தண்ணீர் விடுவார், அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்குவார். சாதியைப் பார்த்து அந்த வேலையைச் சிலர் தலையில் கட்டிய வழக்கம் திரும்ப வரவே வேண்டாம். வேலை மட்டும் வரலாம். வெளியூரிலும் அலுவலகத்திலும் இருக்கும் பத்து நிலக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் மடையும் வரப்பும் கவனிக்கப்படும்; வரிசை நடவு வயலில் கோனோவீடர் ஓட்டவும் ஆள் கிடைக்கும். கூட்டுறவு சங்கங்களும் வேளாண் துறையும் மானியத்தில் பம்பு கொடுப்பதோடு நிற்காமல் இதற்கும் கை கொடுக்கலாம்.

இன்னொரு இழப்பும் உண்டு. கைக்களை எடுத்த பெண்கள் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மடியில் கட்டிப் போவார்கள். கணக்கில் வராத கூலி அது. மருந்து அடித்த வயலில் அதைப் பறிக்க முடியாது.

அடுத்த முறை அப்பா போன் செய்தால், கடைக்குப் படம் போவதற்கு முன் கேட்க வேண்டியவை: நட்டு எத்தனை நாள் ஆச்சு? தண்ணி எவ்வளவு நிக்குது? போன பட்டத்துல என்ன அடிச்சோம்? பதிலோடு வட்டார வேளாண் அலுவலகத்தையோ, கட்டணமில்லாத கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551-ஐயோ அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.