விற்கத் தெரிந்த ஒயிட் சாக்ஸுக்கு வாங்கத் தெரியுமா?

ஒரே சீசனில் 162 ஆட்டம். அதில் 121 தோல்வி. 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் தொடர்ந்து 21 தோல்வி வேறு. 1900-க்குப் பிறகு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்ற அணி வேறு இல்லை. 2025-ல் 102 தோல்வி. அதையே முன்னேற்றம்னு சொல்லித் தேற்றிக்கொள்ள வேண்டிய நிலைமை.

அந்த அணிதான் 2025-26 குளிர்கால இடைவேளையில் தன் நட்சத்திரம் ஒருவரை விற்றிருக்கிறது. ஜப்பானிலிருந்து இன்னொருவரை வாங்கியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே புத்திசாலித்தனமான முடிவுகள்தான். ஆனால் இந்த அணியின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்.

முதலில், 'ரீபில்ட்' என்றால் என்ன?

பேஸ்பாலில் ஐபிஎல் போல ஏலம் கிடையாது. சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் அணி வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் இளம் வீரர் மேஜர் லீகுக்கு வந்தால், பொதுவாக முதல் ஆறு சீசன்கள் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். அதில் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2026-ல் அது 7,80,000 டாலர். ஆறு வருடம் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். யார் அதிகம் கொடுக்கிறார்களோ, அங்கே போகலாம்.

அதனால், தோற்றுக்கொண்டிருக்கும் அணி தன் சிறந்த வீரர்களை, கான்ட்ராக்ட் முடிவதற்குள், கோப்பைக்கு மோதும் அணிகளுக்குக் கொடுத்துவிடும். பதிலுக்கு மைனர் லீகில் வளரும் பையன்களை வாங்கும். இதுதான் ரீபில்ட்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பையன்கள் மேலே வந்ததும் அவர்களுக்கும் ஆறு வருடக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அது ஓடி முடிவதற்குள் மீதி ஓட்டைகளைக் காசு கொடுத்து அடைக்க வேண்டும். விற்பது பாதி வேலை. வாங்குவதுதான் மீதி.

ஏற்கெனவே பார்த்த படம்

2016 டிசம்பரில் இதே ஒயிட் சாக்ஸ், கிறிஸ் சேல் என்ற அபாரமான இடக்கை பிட்சரை பாஸ்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு ஹோசே கின்டானாவை அதே ஊரின் கப்ஸ் அணிக்குக் கொடுத்து எலாய் ஹிமெனஸ், டிலன் சீஸ் ஆகியோரை வாங்கியது.

திட்டம் பலித்த மாதிரிதான் இருந்தது. 2021-ல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம். ஆனால் பிளேஆஃபின் முதல் தொடரிலேயே ஹூஸ்டனிடம் தோற்றது. அடுத்த ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்வி. அந்த ரீபில்டில் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயிக்க முடியவில்லை. சேலை வாங்கிய பாஸ்டனோ 2018-லேயே கோப்பையைத் தூக்கிவிட்டது.

காயங்கள் ஒரு காரணம். ஆனால் முக்கியமான தருணத்தில் பர்ஸைத் திறக்கவில்லை என்பது இன்னும் பெரிய காரணம். 2018-19 இடைவேளையில் மேனி மச்சாடோவைப் பிடிக்க ஒயிட் சாக்ஸ் ரொம்பவே முயன்றது. அவருடைய மச்சான் யோண்டர் அலோன்சோவையும், நண்பர் ஜான் ஜேவையும்கூட அணியில் சேர்த்தது. கடைசியில் சான் டியாகோ 10 ஆண்டுக்கு 30 கோடி டாலர் கொடுத்து மச்சாடோவைத் தூக்கிக்கொண்டது. சிகாகோவுக்கு மிஞ்சியது மச்சானும் நண்பரும்தான்.

இன்றுவரை ஒயிட் சாக்ஸ் வரலாற்றில் மிகப் பெரிய கான்ட்ராக்ட் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர்தான்.

கப்ஸ் செய்தது வேறு. 2012-ல் 101 தோல்வி. 2014-ல்கூடப் பிரிவில் கடைசி இடம். ஆனால் இளைஞர்கள் மேலே வரத் தொடங்கியதைப் பார்த்து, அந்தக் குளிர்காலத்திலேயே பிட்சர் ஜான் லெஸ்டரை ஆறு ஆண்டுக்கு 15.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் கோப்பை, 108 வருடத்துக்குப் பிறகு.

ராபர்ட்டை விற்றது சரியா?

லூயிஸ் ராபர்ட் ஜூனியர் 2023-ல் 38 ஹோம் ரன் அடித்தவர். அப்போதே விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். அதன்பின் காயங்கள், 2025-ல் வெறும் 14 ஹோம் ரன். 2026-க்கு அவர் சம்பளம் 2 கோடி டாலர். ஜனவரியில் நியூயார்க் மெட்ஸுக்குப் போன அவருக்குப் பதிலாக வந்தவர்கள் லூயிசாங்கல் அகுன்யாவும் ட்ரூமன் பாலி என்ற இளம் பிட்சரும்.

விலை குறைவுதான். ஆனால் இன்னும் காத்திருந்தால் கூடியிருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்த டிரேடின் உண்மையான மதிப்பு, மிச்சமாகும் சம்பளத்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முராகாமி: வீரரா, முதலீடா?

முனேதகா முராகாமி 2022-ல் ஜப்பான் லீகில் 56 ஹோம் ரன் அடித்தார். அங்கே ஜப்பானில் பிறந்த வீரர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் அது. ஆனால் ஸ்ட்ரைக் அவுட்டும் அதிகம். அந்தப் பயத்தில் பெரிய அணிகள் தயங்க, 25 வயதுக்காரர் இரண்டே ஆண்டுக்கு 3.4 கோடி டாலருக்குக் கிடைத்தார்.

சொதப்பினால் நஷ்டம் கம்மி. கலக்கினால்? 2027 முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதற்கு முன்பே இன்னொரு அணிக்கு விற்றுவிடலாம் என்ற ஆசை நிர்வாகத்துக்கு வரும். அங்கேதான் பழைய பழக்கம் தலைதூக்கும்.

இந்த முறை ஏன் அவசரம்?

ஏனென்றால் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் பிட்சர் காரெட் குரோஷேவையும் பாஸ்டனுக்கே கொடுத்தார்கள். அவர் 2025-ல் அங்கே 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். பதிலுக்கு வந்த நால்வரில் கைல் டீல், சேஸ் மைட்ராத் இருவரும் 2025-லேயே மேஜர் லீகில் ஆடிவிட்டார்கள். அணி தானே வளர்த்த கோல்சன் மாண்ட்கோமரி 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். இவர்களுடைய கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

தோற்றுக்கொண்டே இருப்பதாலும் பெரிய லாபம் இல்லை. 121 தோல்விக்குப் பிறகும் 2025 டிராஃப்டில் இந்த அணிக்குக் கிடைத்தது 10-வது இடம்தான். வருவாய் அதிகமுள்ள ஊர்களின் அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் லாட்டரி வாய்ப்பைப் பெற முடியாது என்பது விதி. 2026-க்கு லாட்டரியில் முதலிடம் கிடைத்திருக்கிறது. இனி அதை நம்பி இன்னொரு வருடத்தைத் தோற்க முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. உரிமையாளர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப், 2029-லிருந்து அணியை ஜஸ்டின் இஷ்பியாவுக்கு விற்க வழி செய்யும் ஒப்பந்தத்தை 2025-ல் செய்திருக்கிறார். போகப்போகிறவர் பெரிதாகச் செலவு செய்வாரா? நியாயமான கேள்வி. ஆனால் டீலும் மாண்ட்கோமரியும் குறைந்த சம்பளத்தில் ஆடப்போகும் வருடங்கள் புது உரிமையாளருக்காகக் காத்திருக்காது.

ராபர்ட்டை விற்றதற்காக நிர்வாகத்தைத் திட்ட வேண்டியதில்லை. முராகாமியை வாங்கியதற்காக இப்போதே மாலை போடவும் வேண்டாம். அடுத்த குளிர்காலத்துக்குள் பெனின்டெண்டியின் 7.5 கோடி சாதனையை முறியடிக்கும் ஒரு கான்ட்ராக்டை ஒயிட் சாக்ஸ் எழுதுகிறதா என்று பார்ப்போம். எழுதினால் இது ரீபில்ட். இல்லையென்றால் இன்னும் சில வருடம் கழித்து மாண்ட்கோமரியும் டிரேட் பட்டியலில் இருப்பார். வாங்குவது ஒருவேளை மறுபடியும் பாஸ்டனாகவே இருக்கலாம்.