வீட்டுக்குள் ஒரு சிறுத்தை!

உடம்பெல்லாம் சிறுத்தையைப் போலப் புள்ளி. ஆனால், மடியில் படுத்து உறங்கும்! இப்படி ஒரு பூனை இனத்தை அமெரிக்காவில் உண்டாக்கி இருக்கிறார்கள். அதன் பெயர் "பெங்கால்" பூனை.

1963-ம் ஆண்டில் ஜீன் மில் என்ற அம்மையார், காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்தார். குட்டி பிறந்தது. பிறகு அந்த முயற்சி நின்றுபோயிற்று. 1980-க்குப் பின் மீண்டும் தொடங்கினார். புள்ளித் தோலுக்காகக் காட்டுப் பூனைகளைக் கொல்வது குறைய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வேலை எளிதாக இல்லை. முதல் தலைமுறைக் குட்டிகள் ஆட்களைக் கண்டு மிரண்டன. ஆண் குட்டிகள் மலடாக இருந்தன. நான்காம் தலைமுறையில்தான் வீட்டுக்கு ஏற்ற குணம் வந்தது.

1982-ல் அவர் டெல்லி வந்தார். அங்கே மிருகக்காட்சி சாலையில், காண்டாமிருகம் இருந்த இடத்தில் ஒரு தெருப் பூனை திரிந்தது. பொன் நிறம்; அழகிய புள்ளிகள். அதை வரவழைத்துத் தம் பூனைகளோடு சேர்த்தார். பெங்கால் பூனையின் மினுமினுப்பு அந்தத் தெருப் பூனை தந்த சொத்து!

அவருடைய மகள் ஜூடி சுக்டன், புலி வரி கொண்ட "டாய்கர்" பூனையை உருவாக்கினார். அதில் புலி இரத்தம் ஒரு துளியும் இல்லை. காஷ்மீர்த் தெருப் பூனை ஒன்றின் இரத்தம் உண்டு.

சிறுத்தைப் பூனை நமக்கும் தூரத்தில் இல்லை. ஆனைமலையிலும் வால்பாறையிலும் வாழ்கிறது. அதன் உறவான காட்டுப் பூனை, கரும்புத் தோட்டத்திலும் புதரிலும் குட்டி போடும். கரும்பு வெட்டும்போது குட்டிகள் கண்ணில் பட்டால், "வளர்க்கலாமே" என்று ஆசை வரும்.

அந்த ஆசை வேண்டாம். பால் ஊற்றி வளர்த்தாலும் அது வீட்டுப் பூனை ஆகாது. ஒரு குட்டியைப் பழக்குவது வேறு. பல தலைமுறையாகக் குணத்தை மாற்றுவது வேறு. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றமும் ஆகும்.

தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டியைத் தொடாமல் விலகிச் சென்றால், இருட்டியதும் வந்து கவ்விச் செல்லும். வராவிட்டால், வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். தோட்டத்து எலியைத் தின்று விவசாயிக்கு உதவும் பிராணி அது. காட்டிலேயே இருக்கட்டும்.

அழகான பூனைதான் வேண்டுமா? தெருவில் பசியோடு கத்தும் குட்டிக்கு ஒரு பிடி சோறு போடுங்கள். அமெரிக்க அம்மையார் கடல் கடந்து வந்து கண்டெடுத்தது அப்படி ஒரு பூனையைத்தான்!