லைப்ரரிக்கும் இனிஷியல் உண்டு!

நைனார்பாளையம் பஸ் ஸ்டாப்புல இறங்கி, டீக்கடையில 'அண்ணே, முருகேசன் வீடு எது?'னு கேட்டுப் பாருங்க. 'எந்த முருகேசன் தம்பி? இனிஷியல் சொல்லு'ம்பாங்க. லினக்ஸும் அந்த அண்ணன் மாதிரிதான்!

ப்ராஜெக்ட் லேப்ல சூப்பரா கம்பைல் ஆகும். டெமோ அன்னிக்கு வேற மெஷின்ல ரன் பண்ணினா, 'ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியலை'னு கையை விரிச்சிடும். எதிர்ல எக்ஸ்டர்னல் வேற உட்கார்ந்திருப்பார். வயித்துக்குள்ள என்னமோ உருளுமே... நானும் அனுபவிச்சிருக்கேன்.

விஷயம் என்னன்னா, லைப்ரரியைத் தேடுறது ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். கம்பைல் பண்ணும்போது தேடுறவர் லிங்கர். 'மைனஸ் எல்'லுக்குப் பக்கத்துல 'எஸ்எஸ்எல்'னு நீங்க கொடுத்தா, முன்னாடி 'லிப்', பின்னாடி '.எஸ்ஓ' சேர்த்து, 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ'னு தேடுவார். கிடைச்சதும் அதுக்குள்ள பதிஞ்சிருக்கிற நிஜப் பேரை, அதாவது சோநேமை, உங்க ப்ரோக்ராமுக்குள்ள குறிச்சு வைப்பார். அது 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3'. அந்த 3தான் இனிஷியல்.

ரன் பண்ணும்போது தேடுறவர் லோடர். இவருக்கு இனிஷியலோட பேர் வேணும். ப்ரோக்ராமுக்குள்ளயே வழி எழுதி வைக்கலைன்னா, முதல்ல 'எல்டி_லைப்ரரி_பாத்'ல நீங்க சொன்ன ஃபோல்டர், அப்புறம் எல்டிகான்ஃபிக் தயார் பண்ணின பட்டியல், கடைசியா /லிப், /யுஎஸ்ஆர்/லிப். 'ப்ரோக்ராமுக்குப் பக்கத்துலயே லைப்ரரி இருக்கே'னு நீங்க புலம்பினாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விண்டோஸ் பழக்கம் இங்கே செல்லாது பாஸ். உபுண்டுவா இருந்தாலும் சரி, சென்னை சி-டாக், டெபியனை வச்சு உருவாக்கின பாஸ் லினக்ஸா இருந்தாலும் சரி, இதே கதைதான்.

2021-ல ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வந்துச்சு. 2022 ஏப்ரல்ல வந்த உபுண்டு 22.04-ல 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3' மட்டும்தான். '1.1' கேட்ட பழைய ப்ரோக்ராம் எல்லாம் படுத்துக்கிச்சு. உடனே 3-க்கே 1.1-னு பேர் வச்சு சிம்லிங்க் போடத் தோணும். வேணாம் மச்சி! இனிஷியல் மாறினா ஆளே வேற. 'நான் கேட்ட வெர்ஷன் இதுல இல்லை'னு அடுத்த எர்ரர் வரும். எர்ரர் வந்தாவது தப்பிச்சீங்க. சில லைப்ரரி சத்தமே போடாம தப்பான விடையைத் தரும்.

டெமோவுக்கு முதல் நாள், ஓடப்போற அதே மெஷின்ல 'எல்டிடி' கமாண்டோட உங்க ப்ரோக்ராம் பேரைக் கொடுங்க. எது எது வேணும், எது எங்கே இருக்குனு வரிசையா சொல்லும். 'நாட் ஃபவுண்ட்'னு இருந்தா, அதே இனிஷியல் உள்ளதைத் தேடி இன்ஸ்டால் பண்ணுங்க. /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்ல புதுசா ஒண்ணைப் போட்டீங்களா? ரூட்டா இருந்து ஒரு தடவை எல்டிகான்ஃபிக் ஓட்டுங்க. நான் பார்த்த கேஸ்ல பாதி, அதை மறந்ததுதான்!