குளிரில் காய்ந்த செடி இறந்த செடியா?



சில நாள்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதிவிடலாம் என அமர்ந்தேன். என் வகுப்பில், என் கையால் நடந்த பிழை அது.

அறிவியல் பாடத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை குறித்து மாணவர்களுக்கு ஒரு மீள்பார்வைப் பயிற்சி கொடுத்திருந்தேன். கடையில் வாங்கிய பயிற்சி நூல் ஒன்றிலிருந்து எடுத்தது. பனி மூடிய நிலத்தில் கருத்துக் காய்ந்து நிற்கும் ஒரு பூச்செடியின் படம். ‘இச்செடி உயிருடன் உள்ளதா?’ என்பது கேள்வி. ‘இல்லை’ என்பது நூலின் இறுதியில் கண்ட விடை. வகுப்பே ‘இல்லை’ என்று எழுதியது. ஒரு மாணவன் மட்டும், ‘உள்ளது. வேர் மண்ணுக்குள் இருக்கும்’ என்று எழுதியிருந்தான். விடைப்பட்டியலைப் பார்த்தேன், சிவப்பு மையால் தவறு போட்டேன். அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ் நகரில் வாழும் என் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது எதேச்சையாக அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். “அக்கா, இது எங்க வீட்டு வாசல்லயே இருக்கு. எக்கினேசியா. மே மாசம் வந்து பாருங்க, மறுபடியும் துளிர்த்து நிக்கும்,” என்றாள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

எக்கினேசியா என்றதும் நம் பெற்றோர்களுக்கு மருந்துக்கடையில் சளிக்கு விற்கும் மாத்திரை நினைவுக்கு வரலாம். அதே குலத்துச் செடிதான். அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளின் புல்வெளிகளில் தானே வளரும் காட்டுப்பூ. இன்று தோட்டங்களிலும் விரும்பி வளர்க்கிறார்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்கள் கீழ்நோக்கித் தொங்க, நடுவில் முள்முள்ளாக ஒரு கூம்பு நிற்கும். முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பெயரே பிறந்தது.

இந்தச் செடி எவ்வளவு குளிரைத் தாங்கும்? அமெரிக்க வேளாண்மைத் துறை 1960-இல் முதன்முதலாக ஒரு வரைபடம் வெளியிட்டது. ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவின் வெப்பநிலையைப் பல ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்து, நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபடம் அது. 2023-இல் வந்த புதிய பதிப்பில் 13 மண்டலங்கள் உள்ளன. ஊதா எக்கினேசியா மூன்றாம் மண்டலத்திலும் பிழைக்கும் என்கிறார்கள். அங்கே அந்தச் சராசரி −34 முதல் −40 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. நம் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி −18 பாகைதான்! கேமரன் மலையில் 15 பாகை என்றாலே நாம் குளிராடை தேடுகிறோம்.

ஆனால், ‘குளிரைத் தாங்கும் வலிமையான செடி’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மாணவனுக்கு எதுவும் புரியப்போவதில்லை. இலையும் தண்டும் பூவும் குளிரைத் தாங்குவதே இல்லை, அவை காய்ந்துவிடுகின்றன. பிழைத்திருப்பவை வேரும், வேரும் தண்டும் கூடுமிடத்தில் மண்ணை ஒட்டியிருக்கும் மொட்டுகளும் மட்டுமே. இலையுதிர்காலத்தில் பகல் குறுகக் குறுக, குளிர் மெல்லக் கூடக் கூட, செடி ஆயத்தமாகத் தொடங்குகிறது. சேமித்த மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியேறி, அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் உறைகிறது. அணுவுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானால் செடிக்கு மரணம். வெளியே உருவானால் பிழைக்கும். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! இதே செடி இந்த ஆயத்தம் இல்லாமல், கோடையின் நடுவில் திடீரென்று அந்தக் குளிரைச் சந்தித்தால் பிழைக்காது.

பனி செடியைக் கொல்கிறது என்பதும் முழு உண்மையன்று. தளர்வாகப் படிந்த பனிக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது கம்பளிபோல் மண்ணைக் காக்கிறது. பனியே விழாத கடுங்குளிர் இரவுதான் ஆபத்தானது. நீர் வடியாத ஈர மண் அதைவிடப் பெரிய எதிரி, வேர் அழுகிவிடும். மண் உறைவதும் உருகுவதுமாக மாறிமாறி நடந்தால் இளஞ்செடி மண்ணிலிருந்து மேலே தள்ளப்படும். அதனால்தான் என் தங்கை, நிலம் உறைந்த பிறகே அதன்மேல் வைக்கோல் பரப்புகிறாள். மண்ணைச் சூடாக்குவதற்கன்று, உறைந்த மண் உறைந்தபடியே இருப்பதற்கு! இதைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். காய்ந்த தண்டுகளையும் அவள் வெட்டுவதில்லை. கூம்பிலுள்ள விதைகளைத் தின்னச் சிட்டுகள் வருமாம்.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நம்ம ஊர்ல பனியா பெய்யுது? பிள்ளைங்கள ஏன் குழப்புறீங்க? புத்தகத்துல உள்ளதச் சொல்லிட்டுப் போங்க,” என்றார். அவரை எனக்குப் புரிகிறது. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் எனக்கும் உண்டு. ஆயினும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பனி இல்லாத ஊர் என்றால் பனிப் படத்தைப் பயிற்சியில் போடாதீர்கள். போட்டால் சரியாகக் கற்பியுங்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் விடைப்பட்டியலின் மீதுள்ள அச்சம் நம்மைவிட்டு நீங்கவில்லை. (பெற்றோர்களும் சற்றுச் சிந்திக்க வேண்டும். ‘எத்தனை சரி, எத்தனை தவறு?’ என்று மட்டுமே புத்தகத்தைப் புரட்டுகிறோம்.)

உண்மையில் இதற்கு மினசோட்டா வரை போகவேண்டியதே இல்லை. பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் செடி போதும். அதன் இலை பழுத்துக் காய்ந்தால் நம் பாட்டிமார் செடி செத்துவிட்டது என்றா சொன்னார்கள்? மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தார்கள். ஒன்றிரண்டைத் திரும்ப ஊன்றினார்கள். குளிருக்கும் மஞ்சளுக்கும் தொடர்பில்லைதான். ஆனால், மேலே காய்ந்தும் கீழே உயிரோடிருப்பதை ஒரு தொட்டியிலேயே காட்டிவிடலாம். ‘இலை பச்சையாக இருந்தால் உயிர்’ என்று மனனம் செய்யவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்லி, என் பிழையை ஒப்புக்கொண்டேன். தங்கை அனுப்பிய இரண்டு படங்களையும் காட்டினேன்: ஜனவரியில் எடுத்தது ஒன்று, ஜூலையில் எடுத்தது ஒன்று. பிறகு அந்த மாணவனின் புத்தகத்தை வாங்கினேன். தவறான விடைகளுக்குத் திருத்தம் எழுதவேண்டும் என்பது என் வகுப்பு விதி. அவனும் எழுதியிருந்தான். தன் விடையைச் சுத்தமாக அழித்துவிட்டு, ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று மூன்று முறை.

“உன் விடைதான் சரி, ஐயா. மறுபடியும் எழுது,” என்றேன்.

“என்ன எழுதியிருந்தேன்னு மறந்துபோச்சு, டீச்சர்,” என்றான்.

எனக்கு மறக்கவில்லை. அவன் விடையை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பயிற்சி நூலை வெளியிட்டவர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.