ஏப்ரலில் வருகிறவர்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவுகள் வெளிவருவதற்கு இடைப்பட்ட நாட்களில், தமிழகத்துச் சிற்றூர்களில் ஒரு புதுவகை விருந்தினர் வீடு தேடி வருகிறார். கையில் வண்ணத் தாள்கள், பேச்சில் குழைவு. ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியின் ஆள். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அந்த வீட்டுக்குக் கல்லூரியைப் பற்றிப் பேச அவருக்கு முன்னால் எவரும் வந்ததில்லை. என் ஆதங்கம் இந்தக் கடைசிச் செய்தியைப் பற்றியது.

ஏழைப் பிள்ளைகளின் மேற்படிப்பு என்றதும் நமக்கு உடனே தோன்றுவது பணம். நன்கொடை, காசோலை, பொன்னாடை, புகைப்படம். பணம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பணத்துக்கான வழிகள் இங்கே ஓரளவு ஏற்கெனவே இருக்கின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்தில் தொடங்கி, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என விரிந்தது. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய். இவை சிறிய ஏற்பாடுகள் அல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இடம் பெற்றவருக்கே உரியது. ஏப்ரலில் வந்தவரிடம் முன்பணம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அது கிடையாது. கலந்தாய்வு என்று ஒன்று நடப்பதையே அந்தத் தகப்பனார் அறிந்திருக்கமாட்டார். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தனக்கு உரிமையாக வரவேண்டியதைத் துறந்துவிட்டு, வட்டிக்கு வாங்கிய பணத்தில் படிக்கிறது.

அடுத்தது தாள்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என ஒவ்வொரு சான்றும் இ-சேவை மையத்தில் தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர் முதலானோரின் மேசைகளைக் கடந்து வரவேண்டும். நண்பரின் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஆதாரில் ஓர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் வேறோர் எழுத்தும் இருந்தன. வங்கிக் கணக்கு மூன்றாவது விதமாக. விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். அவளுடைய தாய் இரண்டு நாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் காத்திருந்தார். டிசம்பரில் யாராவது உட்கார்ந்து அந்த மூன்று தாள்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

கல்விக் கடனைப் பற்றி இரண்டு விதமான மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. சொத்து இல்லாதவனுக்கு வங்கி தராது என்பது ஒன்று. வங்கிகளின் பொதுத் திட்டப்படி நான்கு லட்சம் வரை நம் பங்காக ஒன்றும் போடவேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. இன்னொன்று, படித்து முடிக்கும் வரை கடன் தூங்கிக்கொண்டிருக்கும் என்பது. அது தூங்குவதில்லை. பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்படிப்பில் சேர்ந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. 2018இல் அதற்குத் தர அங்கீகாரம் பெற்ற கல்லூரி அல்லது பாடப்பிரிவு என்ற நிபந்தனை வந்தது. ஆகவே எங்கே சேர்வது என்பதும் எப்படிக் கட்டுவது என்பதும் இரண்டு கேள்விகள் அல்ல. நான்கு லட்சம் கடன்பட்டு, ஆசிரியரே இல்லாத ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்வதைவிட, சில ஆயிரம் ரூபாயில் முடியும் அரசுக் கலைக் கல்லூரியோ, பிறகு பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழிவிடும் பாலிடெக்னிக்கோ எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் பிள்ளைகளின் கனவைக் குலைக்கிறேன் என்று கோபிக்கிறவர்கள் உண்டு. கோபிக்கட்டும்.

உண்மையில் பன்னிரண்டாம் வகுப்பே தாமதம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு என்று கேட்கிறார்களே, அந்த ஐந்து நிமிடத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. கணிதத்தை விட்ட பிள்ளைக்குப் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் மூடிவிட்டன என்பதை எவரும் அப்போது சொல்வதில்லை. பக்கத்து வீட்டுத் தோழி எடுத்ததையே இவளும் எடுக்கிறாள்.

இதை எல்லாம் இந்தப் பக்கத்தில் ஏன் எழுதவேண்டும்? சிற்றிதழ் வாசகர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வங்கி, தபால் துறை, வருவாய்த்துறை, பள்ளிக்கூடம். பாதிப்பேர் விண்ணப்பங்களுக்கு நடுவிலேயே ஆயுளைக் கழித்தவர்கள். (மீதிப்பேர் அவற்றிலிருந்து தப்பிக்கவே வாசிக்கத் தொடங்கியவர்கள்.) எந்தத் தாள் எந்த மேசையில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நன்கொடையைவிட அரிதான பொருள் அது. ஒரு வாசகர், ஒரு மாணவர், அரையாண்டு விடுமுறையில் நான்கு மாலைகள். அமைப்பு, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம்.

பணமும் கொடுக்க விரும்புகிறவர்கள் அதைக் கல்லூரி திறக்கும் முதல் மாதத்தில் கொடுக்கலாம். உதவித்தொகைகள் பிறகுதான் கணக்கில் ஏறும். விடுதி முன்பணமும் பேருந்துக் கட்டணமும் அதற்காகக் காத்திருப்பதில்லை. சேர்ந்தபின் நின்றுபோகும் பிள்ளைகள் பலர் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். இன்னொன்றும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்: சரிபார்த்தபின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. வேறு நல்ல இடம் கிடைத்துக் கிளம்ப நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு தகவல் தேவைப்படும்.