குச்சியும் வால்டியூபும் போதும்

பொறியாளர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார் என்றதும், "ரோபோ கொண்டுவருவீங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பதாவது புரிகிறது. எங்கள் துறைக்காரர்களே கேட்கிறார்கள். விளக்கு மினுங்க வேண்டும், சக்கரம் ஓட வேண்டும், விலை சில ஆயிரமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அது பொறியியல் என்ற நம்பிக்கை வேரோடிவிட்டது. இதைவிடப் பெரிய அநியாயத்தைப் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது.

அந்த ரோபோ பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தத் துளையில் எந்தத் திருகாணி என்று படமே போட்டிருக்கும். நாற்பது பேர் இருக்கும் வகுப்புக்கு நான்கு பெட்டி. சூட்டிகையான சிலர் பூட்டுவார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு வண்டிகளும் ஒன்றுபோல ஓடும், கைதட்டல் கிடைக்கும். எங்கே உடையும், ஏன் உடையும் என்று எவருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம்.

அந்தக் கேள்விக்குப் பெட்டியே தேவையில்லை. கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோ வாகன நிறுவனத்தில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் 1972 முதல் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் நடந்துவந்தது. தீக்குச்சியையும், சைக்கிள் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாயையும் வைத்தே அங்கே அவர் வடிவங்களைக் கட்டவைத்தார்.

அதையேதான் ஓர் ஏழாம் வகுப்பில் நானும் செய்தேன். மருந்து நீக்கிய நான்கு தீக்குச்சிகள், மூலைக்கு ஒரு துண்டு வால்டியூப், ஒரு சதுரம். விரலால் தொட்டதும் சாய்ந்தது. அதேபோல் கட்டிய முக்கோணம் சாயவில்லை. சதுரத்தை எப்படி நிறுத்துவது என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். குறுக்கே ஒரு குச்சி வேண்டும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் தீக்குச்சி எதிர் மூலைக்கு எட்டவில்லை! சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு, கணக்குப் புத்தகத்தில் இருப்பதுதான், அன்று கையில் இடித்தது. சிலர் சதுரத்தையே நசுக்கி எட்டவைத்தார்கள். ஒரு சிறுமி வகுப்புத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து, அளந்து நறுக்கி, நூலால் கட்டினாள். "சார், இப்ப ஆடவே மாட்டேங்குது!"

ரோபோ போன்ற கருவிகளோடு பிள்ளைகள் செய்து பார்க்கும் அடல் டிங்கரிங் ஆய்வகத்தை அமைத்து நடத்த ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒன்றிய அரசு தருகிறது. நல்லது, வரட்டும். அது வரும்வரை பிள்ளைகள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொறியாளரும் கையில் கருவி இல்லையென்று சொல்லி, தன் கல்லூரிக் கதையைப் பேசிவிட்டுப் போகிறார்.

அன்று அந்த வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே செல்போன் கோபுரம் தெரிந்தது. அடி முதல் நுனிவரை முக்கோணங்கள். அந்தச் சிறுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஒரு குறுக்குக் கம்பியை எடுத்துட்டா என்ன சார் ஆகும்?"

பதில் சொல்லாமல், மேசையில் மிச்சமிருந்த குச்சிகளை அவள் பக்கம் தள்ளினேன்.